‘ஒன்றும் ஆகாது’ என்பது ஆறுதலா?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவர்களை அழைத்துச் செல்வது நம் வழக்கம். 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் ராஜாஜி பிறந்த வீடு அங்கே நினைவு இல்லமாகப் பேணப்பட்டு வருகிறது. பிள்ளைகள் உள்ளே படங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். நாம் வாயிலில் அமர்ந்து, மூதறிஞரின் அரசியலைப் பற்றி அவர்கள் கேட்கப்போகும் இக்கட்டான வினாக்களுக்கு விடை தேடிக்கொண்டிருப்போம். சென்ற டிசம்பரில் வினா வேறொரு திசையிலிருந்து வந்தது.

நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற பெண் ஒருத்தி இப்போது அவ்வூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். சிப்காட் பகுதியில் ஓர் ஆலையில் ஒப்பந்தப் பணி, கணவனுக்கும் அப்படியே. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், வேலையிடத்தில் கன்னடமும் இந்தியும் என்று எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கே உரிய பன்மொழி நா அவளுக்கும் உண்டு. நாம் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு மெல்ல நடந்து வந்தாள். ஏழாம் மாதம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் தாய்சேய் நல அட்டை. நலம் விசாரித்து முடிப்பதற்குள் அட்டையை எடுத்து நீட்டினாள். அதன்மேல் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர்.

“அம்மா, இதை ஒட்டிட்டாங்க. சிவப்புன்னா என்னம்மா அர்த்தம்? இந்தக் குழந்தையும் தங்காதுன்னா?”

‘இந்தக் குழந்தையும்’ என்பதிலுள்ள உம்மையை இறந்தது தழீஇய எச்சவும்மை என்று அவளுக்குப் பாடம் சொன்னவர்கள் நாம்தாம். ஈராண்டுக்கு முன் அவளுடைய தலைப்பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்தது. இம்முறை இரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இறங்க மறுக்கிறது.

அந்தச் சிவப்புத் தாளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2016இல் நடுவண் அரசு தொடங்கிய பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில், மாதந்தோறும் 9ஆம் தேதி கருவுற்ற பெண்கள் மருத்துவரால் பரிசோதிக்கப்படுகிறார்கள். சிக்கல் ஏதும் இல்லாதவர் அட்டையில் பச்சை, கூடுதல் கவனம் தேவைப்படுவோர் அட்டையில் சிவப்பு. மருத்துவரும் செவிலியரும் அட்டையைக் கண்ட மாத்திரத்தில் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்த அட்டை மருத்துவர் கையில் இருப்பது சில நிமிடங்கள். மீதிப்பொழுதெல்லாம் அது இருப்பது அவளுடைய தலையணையடியில். அவளுக்கு அந்த நிறம் என்ன சொல்லும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டோம். மாத்திரை கொடுத்தார்களாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்களாம். “டென்ஷன் ஆகாதே, ஆனா பி.பி. ஏறும், குழந்தைக்கு ஆகாது” என்றும் சொன்னார்களாம். மாமியார், “ஏமீ காதுலே” என்றார். கணவன், “ஒண்ணும் ஆகாது, தூங்கு” என்றான். ஆலையில் உடன் வேலை செய்யும் பெண் கன்னடத்தில், “ஏனூ ஆகல்ல” என்றாள். மூன்று மொழியிலும் ஒரே வாக்கியம். இவள் தூங்கவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே காணக் கிடைப்பதெல்லாம் ஆகிவிட்டவர்களின் கதைகள்.

‘ஒன்றும் ஆகாது’ என்பதைச் சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கேட்பவளுடைய வாயை அது அடைத்துவிடுகிறது. ஒருமுறை ஆகிவிட்டது அவளுக்கு. ஆகாது என்று அப்போதும் இதே மனிதர்கள் சொன்னார்கள். அதற்குமேல் அவள் யாரிடம் என்ன பேச முடியும்? ‘டென்ஷன் ஆகாதே’ என்பது இன்னும் கொடிது. அச்சத்தோடு அச்சத்தைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. பயந்தால் குழந்தைக்கு ஆகாது என்று கேட்டவள், பயம் வரும்போதெல்லாம் தானே குழந்தைக்குக் கேடு செய்வதாக நடுங்குகிறாள். முதற்பிள்ளை போனதும் தன் நெஞ்சின் குற்றத்தால்தானோ என்று அவள் நம்மைக் கேட்டாள். இதற்கு என்ன விடை சொல்வது?

தமிழகத்து மகப்பேற்று மருத்துவத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. 2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இந்தியா முழுமையிலும் 97 தாய்மார் இறந்தனர்; தமிழ்நாட்டில் 54. கிராம சுகாதாரச் செவிலியர்களும், சீமாங்க் மையங்களும், 108 வண்டிகளும் சேர்ந்து ஈட்டிய வெற்றி இது. சிக்கல் நேர்ந்த பெண் உயிரோடு வீடு திரும்புகிறாள். அவள் எந்த மனநிலையோடு அந்த மாதங்களைக் கடந்தாள் என்பதுதான் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவளுடைய அட்டையை முழுவதும் புரட்டிப் பார்த்தோம். எடைக்குக் கட்டம் உண்டு, இரும்புச்சத்துக்கு உண்டு, சர்க்கரைக்கு உண்டு. தூக்கம் வருகிறதா என்பதற்கு இல்லை. கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் உண்டாகிறது, வளரும் நாடுகளில் இது 15.6 விழுக்காடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உடற்சிக்கலும் உள்ளவர்களிடையே மனக்கலக்கம் இதனினும் மிகுதி என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. புறநோயாளர் பகுதியின் மரப்பலகையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

நாம் மருத்துவம் படித்தவர்கள் அல்லர், சொல் படித்தவர்கள். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். தொரப்பள்ளியில் பிறந்தவரே 1916இல் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கு ஒரு சங்கம் கண்டவர் ஆதலால், இது இடத்துக்கும் பொருந்தும். (அவருடைய மனைவி அலமேலு மங்கம்மாள் 1897இல் மணமானபோது பத்து வயதுச் சிறுமி, ஐந்து மக்களைப் பெற்று, முப்பதை எட்டுமுன்னே மறைந்தவர். அவர் பெயரை நம் மாணவர் எவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதில்லை. இளவயதுத் திருமணம் இன்னும் ஓயாத மாவட்டம் இது என்பதால் இதைச் சொல்லிவைக்கிறோம்.)

கவுன்சலிங் என்பதற்குத் தமிழ்நாட்டில் ‘ஆலோசனை’ என்ற சொல்லே பெருவழக்கு. ஊட்டச்சத்து ஆலோசனை, குடும்பநல ஆலோசனை, இப்போது மனநல ஆலோசனை. ஈழத்தில் ‘உளவளத்துணை’ என்றார்கள். ‘சீர்மியம்’ என்றும் ஒரு சொல் அங்கே புழங்குகிறது. நம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் பணியிடப் பெயர்களில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று காண்கிறோம். சொல்லில் என்ன இருக்கிறது என்று மருத்துவ நண்பர் ஒருவர் கேட்டார். நிரம்ப இருக்கிறது என்பது நம் எண்ணம். ஆலோசனை என்று பெயரிட்ட இடத்தில் உட்காருபவர் ஆலோசனை சொல்லத்தான் செய்வார். உப்பைக் குறை, கீரை சாப்பிடு, கவலைப்படாதே. கவலைப்படாதே என்பதும் அப்பட்டியலில் ஓர் உருப்படி ஆகிவிடுகிறது.

ஆற்றுப்படை என்பது வேறொரு செயல். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வழி தெரியாமல் எதிரே வரும் தன்னைப் போன்ற வறியவனைக் கண்டு, தான் போன வழியைச் சொல்லுகிறான். சொல்பவன் நிபுணன் அல்லன், போய் வந்தவன். அதுவே அவனுடைய தகுதி. ஐந்தனுள்ளும் இங்கே நமக்கு உதவுவது மலைபடுகடாம். நன்னனுடைய நாடு நமக்கு அயலதன்று. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் வரும் செங்கந்தான் அவனுடைய ஊர். பெருங்கௌசிகனார் அந்த 583 அடிப் பாட்டில் கூத்தரை மலைவழியே அனுப்பும்போது எதையும் மறைப்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே உண்டு, பாம்பு கிடக்கும் குழி எது, தினைப்புனங் காப்போர் வீசும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், பாறை எங்கே வழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் அவ்விடத்தில் என்ன செய்வது, எதைப் பற்றிக்கொள்வது என்பதும் கூடவே வருகிறது. எந்த ஊரில் இரவு தங்கலாம், யார் சோறிடுவார் என்பதும் உண்டு. வழியில் ஆபத்தே இல்லை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆபத்தின் இடம் தெரிந்தபின் மற்ற இடங்களில் அச்சமின்றி நடக்கலாம் அல்லவா? தெரியாதபோதுதான் மலை முழுவதும் குழியாகத் தோன்றுகிறது.

நம் மாணவிக்குத் தேவைப்பட்டது இதுதான். சிவப்பு என்றால் குழந்தை தங்காது என்று பொருளில்லை. உன்னை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று பொருள். கடுந்தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், மேல்வயிற்றில் வலி, உதிரம் படுதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை குழிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். இவை இல்லாத இரவு உறங்கும் இரவு. இவ்வளவைச் சொல்லப் பத்து நிமிடம் ஆகும். பிறகு, முதற்பிள்ளையைப் பற்றி அவளைப் பேசவிட வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதாது. இரண்டு மூன்று அமர்வுகளாவது ஆகும். அவ்வாறு பேசவிடுவதை வீட்டில் அபசகுனம் என்று தடுத்துவிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு அவள் வைக்க நினைத்திருந்த பெயரை நம்மிடந்தான் முதலில் சொன்னதாகச் சொன்னாள்.

நம் பழைய இலக்கியமெல்லாம் இந்த வகையில் மாசற்றது என்று சாதிக்கவும் நாம் வரவில்லை. அகப்பாடல்களில் தோழி, ஆற்றாத தலைவியை வற்புறுத்துவாள். வற்புறுத்தல் என்பதற்கு அன்று வலிமையூட்டுதல், உறுதிப்படுத்துதல் என்று பொருள். இன்று அது கட்டாயப்படுத்துதல் ஆகிவிட்டது. மருத்துவமனை ‘வற்புறுத்தல்’ எந்தப் பொருளில் நிகழ்கிறது என்பதை வாசகரே அறிவார். ஆனால் அந்தத் தோழியும் சில பாடல்களில் பொய்தான் சொல்கிறாள். கார் வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, தலைவன் வரவில்லை. தோழியோ, இது கார்காலமே அன்று, அறியாமையால் பூத்த கொன்றை இது என்கிறாள். தொரப்பள்ளி மாமியாரின் ‘ஏமீ காதுலே’ இந்த மரபில் வந்தது. ஒரு மாலைப்பொழுதைக் கடத்த அது உதவும்; மூன்று மாதங்களைக் கடத்த உதவாது.

இன்னொரு கதை நம்மை நெடுநாளாக உறுத்துவது. பாகவதத்தில் இரணியன் தவத்துக்குப் போயிருந்த சமயம், கருவுற்றிருந்த கயாதுவை இந்திரன் சிறைபிடித்துச் செல்கிறான். நாரதர் தடுத்து மீட்டு, கணவன் திரும்பும்வரை தம் ஆசிரமத்தில் வைத்துக் காக்கிறார். நல்ல வார்த்தைகள் சொல்கிறார். வயிற்றிலிருந்து அவற்றைக் கேட்ட பிரகலாதனை நாம் எல்லாரும் அறிவோம். தாய் அவற்றை மறந்துவிட்டாள், பிள்ளை மறக்கவில்லை என்று கதையே சொல்கிறது. நாடு பறிபோய், கணவன் அருகில்லாமல், பகைவன் கையில் அகப்பட்டு மீண்ட ஒரு சூலிக்கு அந்த ஆசிரமம் என்னவாக இருந்திருக்கும் என்று நம் கதாகாலட்சேபங்களில் எவரும் கேட்டதில்லை. நம் தாய்சேய் நலத் திட்டங்களிலும் இதே சாயல் தெரிகிறது. தாயிடம் பேசுகிறோம், சேய்க்காகப் பேசுகிறோம். அவளுடைய அச்சத்தைத் தணிக்க வேண்டும் என்று சொல்லும்போதுங்கூட, அது குழந்தையின் எடையைக் காக்கும் என்றுதான் நியாயம் காட்டுகிறோம். அவள் அஞ்சுகிறாள் என்பதே போதிய நியாயம் இல்லையா?

சரி, பேச்சால் அச்சம் தணியுமா என்று கேட்பவர்களுக்கு: தணிகிறது என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஓர் அரசு மருத்துவமனையில் 1,200 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2024இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளிவந்தது. மனக்கலக்கத்தின் அறிகுறி தொடக்க நிலையில் இருந்த பெண்கள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பகுதியினருக்கு அத்துடன் ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். உளவியல் பட்டம் பெற்று, மருத்துவமனை அனுபவம் இல்லாத இளம்பெண்கள். அஞ்சும் எண்ணம் எது, அதற்கு மாற்றான எண்ணம் எது, அதற்கேற்ப இன்று செய்யக்கூடிய சிறு காரியம் எது என்று சேர்ந்து பேசுவதே முறை. பிள்ளைபெற்று ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினர் நடுத்தர அல்லது கடுமையான மனக்கலக்கத்துக்கு ஆளாகியிருந்தனர். அமர்வுகளுக்கு வந்தவர்களில் 9 விழுக்காட்டினரே. பேசும் முறை எங்கும் இவ்வளவு பயன் தரும் என்று சொல்ல முடியாது. கோவாவில் அண்டைவீட்டுப் பெண்களைக் கொண்டு மனச்சோர்வுக்கு இத்தகைய முறையைச் சோதித்தபோது பயன் மிதமாகத்தான் இருந்தது. மிதமானதையும் வேண்டாமென்று ஒதுக்கும் நிலையில் நாம் இல்லை.

தமிழ்நாட்டிலும் அறியாத செய்தி அன்று இது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களைச் சூல்முதிர்ந்த நிலையிலும் பேற்றுக்குப் பின்னும் கண்டு ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். பேற்றுக்குப்பின் புதிதாக மனச்சோர்வுக்கு உள்ளானவர் 11 விழுக்காடு. காரணங்களாகக் கண்டவை வறுமை, ஆண்மகவை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்ற காலத்து இழப்புகள், வீட்டில் கைவேலைக்கு உதவியின்மை. மருந்துச்சீட்டில் எழுதக்கூடியது இவற்றுள் எது? பேசித் தீர்க்கவேண்டியவை பல. சில பேசியும் தீராதவை.

ஓசூருக்கு இன்னொரு வேடிக்கையான பேறும் உண்டு. இந்தியாவில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்து வைத்தே மனநல மருத்துவம் செய்யும் முதல் உள்நோயாளர் பிரிவு 2009இல் தொடங்கியது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில். அந்நிறுவனம் அமைந்துள்ள சாலையின் பெயரே ஓசூர் சாலை. நாற்பது கிலோமீட்டர் தொலைவு. ஆனால் நம் பக்கத்தில் நிம்ஹான்ஸ் என்றாலே பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். கடும் நோய் கண்டவர் அங்கே போகத்தான் வேண்டும். போகாமல் இருப்பது தவறு. நம் மாணவி போன்றவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது தெருக்கோடியில் கிடைக்க வேண்டும்.

யார் செய்வது? மருத்துவர்களால் முடியாது, அவர்களுக்குப் பொழுதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரோ சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஊசியும் பதிவேடும் கணினிப் பதிவுமாக மூச்சு விடாமல் அலைகிறார். 14416 என்ற எண்ணில் 2022 முதல் தொலைபேசி வழி மனநலச் சேவை இருக்கிறது, பயனுள்ளது. ஆனால் ஒற்றை அறை வீட்டில், மாமியார் பக்கத்தில் படுத்திருக்க, அந்த எண்ணை எப்போது அழைப்பது?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் அத்திட்டத்தில் பணியாற்றுகிறார்கள். உள்ளூர்ப் பெண்கள், பெற்று வளர்த்தவர்கள் பலர், உள்ளூர் மொழி பேசுவோர். ஆற்றுப்படைக்குரிய பாணர்கள் இவர்கள்தாம் என்பது நம் கட்சி. சிக்கலான கர்ப்பம் கண்டு மீண்டவர்களாகப் பார்த்து, வட்டாரத்துக்குச் சிலரைத் தேர்ந்து, அமர்வு நடத்தும் முறையைக் கற்பித்து, அவர்களுக்கு மேலே கண்காணிக்க ஓர் உளவியலாளரை வைக்கலாம். இந்தக் கூடுதல் வேலைக்குத் தனியே ஊதியம் தர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். பெண்களின் ஆறுதலை இலவசமாக எதிர்பார்ப்பது நமக்குப் பழகிப்போன கயமை. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சோதனைக்கென ‘நம்பிக்கை மையம்’ அமைத்து, கர்ப்பிணிகளிடம் தனியே அமர்ந்து பேசும் பழக்கத்தை ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறோம். ஆகவே அறையும் நாற்காலியும் கிடைக்காது என்ற சாக்கு எடுபடாது.

மொழி ஒரு தடை, அதை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறோம், பழைய பொருளில். தொரப்பள்ளியைச் சுற்றித் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பெண்கள் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கணவனோடு வந்து, தாய்வீட்டை ஆயிரம் கல்லுக்கு அப்பால் விட்டுவிட்டவர்களும் உண்டு. உப்பைக் குறை என்பதை எம்மொழியிலும் சைகையாலும் சொல்லிவிடலாம். பயமாயிருக்கிறது என்பதை ஒருத்தி தன் மொழியில்தான் சொல்வாள். நம் மாணவி தமிழில் பட்டம் பெற்றவள். அன்று அழுதபோது தெலுங்கில்தான் அழுதாள்.

அடுத்த பரிசோதனைக்கு அவளுடன் நாமும் போயிருந்தோம். அரைநாள் கூலி அவளுக்குப் போயிற்று. வரிசையெல்லாம் கலைந்தபின், பணி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த செவிலியர் ஒருவரிடம் சிவப்புத் தாளைக் காட்டி, “சிஸ்டர், இவளுக்கு இதன் பொருளை விளக்க முடியுமா?” என்று கேட்டோம். கைப்பையைக் கீழே வைத்தார். “எனக்கும் ரெண்டாவதுக்கு பி.பி.தான் கண்ணு, உட்காரு” என்றார். அட்டையின் பின்புறம் ஏழெட்டு வரி எழுதிக் கொடுத்தார். குழந்தையின் அசைவை எப்படி எண்ணுவது என்று காட்டினார். பேருந்தைத் தவறவிட்டார்.

இதை எழுதும் நாளில் அவளுக்கு முப்பத்தைந்தாம் வாரம் நடக்கிறது. அழுத்தம் இன்னும் முழுதும் அடங்கவில்லை. வாரந்தோறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுக் காலையில் தொலைபேசியில் அழைத்தாள். இரவு இடப்பக்கம் படுத்து அசைவை எண்ணத் தொடங்கினாளாம். பத்துவரை எண்ணியது நினைவிருக்கிறதாம், பிறகு விடிந்திருந்ததாம்.